நுண்துகளும் கஞ்சியும்: நுரை மிதப்பில் வேதிப்பொருள்கள் செய்யும் வேலை

ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிராந்தியத்தில், மெக்ஆர்தர் ஆற்றுப் பகுதியில், 1955-இல் ஒரு துத்தநாக–ஈயத் தாதுப் படிவம் கண்டுபிடிக்கப்பட்டது. உலகின் பெரிய படிவங்களில் ஒன்று அது. ஆனால் அங்கே சுரங்கம் தொடங்க 1995 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தாது இருக்கும் இடம் தெரியும், அளவு தெரியும், வாங்குவதற்கு உலகச் சந்தையும் இருந்தது. தடையாக நின்றது துகளின் அளவு. அந்தப் பாறையில் துத்தநாகத் தாதுவும் ஈயத் தாதுவும் மிக நுண்ணிய மணிகளாக ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடந்தன. அவற்றைப் பிரிக்க வேண்டுமென்றால் பாறையின் பெரும்பகுதியை 7 மைக்ரானுக்கும் கீழே அரைக்க வேண்டும். தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. அப்படி அரைக்கக் கட்டுப்படியாகும் எந்திரம் 1990-களில்தான் வந்தது. மவுண்ட் ஐசா சுரங்க நிறுவனமும் ஜெர்மனியின் நெட்ஷ் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய ஐசாமில் அது. அதன் பிறகும் ஈயத்தையும் துத்தநாகத்தையும் தனித்தனியே பிரிக்கும் ஆசையைக் கைவிட்டு, இரண்டும் கலந்த செறிவையே விற்பது என்று முடிவு செய்தார்கள்.

இத்தனைக்கும் இந்த இரண்டு கனிமங்களைப் பிரிக்கும் கலை பிறந்ததே ஆஸ்திரேலியாவில்தான். பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் படித்தவர்களுக்கு நுரை மிதப்பு முறை நினைவிருக்கும். பொடித்த தாது, தண்ணீர், பைன் எண்ணெய், கீழிருந்து காற்று. நுரையோடு சல்ஃபைடு மேலே வரும், மண் கீழே தங்கும். படத்தோடு ஒரு பக்கத்தில் பாடம் முடிந்துவிடும். அந்தப் படத்தில் துகள்கள் எல்லாம் ஒரே பருமனில் வரையப்பட்டிருக்கும். சிக்கல் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

முதலில் அடிப்படை. அரைத்த தாதுவைத் தண்ணீரில் கரைத்த கூழில் காற்றுக்குமிழிகளை விட்டால், தண்ணீரை விரும்பாத பரப்புள்ள துகள் குமிழியோடு ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் ஒட்டும் துகள் ஒட்டாது. கிராஃபைட், டால்க், கந்தகம் போன்ற ஒரு சில கனிமங்களே இயல்பில் தண்ணீரை வெறுப்பவை. மற்றவற்றுக்கு அந்த வெறுப்பை நாம்தான் ஊட்ட வேண்டும். அதற்கான பொருளைச் சேகரிப்பான் என்கிறார்கள். அதன் மூலக்கூறுக்கு இரண்டு முனைகள். ஒரு முனை கனிமத்தின் பரப்பைப் பிடிக்கும். கரிமச் சங்கிலியான மறுமுனை தண்ணீரை விலக்கும். ஒரு டன் தாதுவுக்குச் சில பத்து கிராம் போதும் என்பதே இதன் பொருளாதாரம்.

இந்த அறிவு ஒரே நாளில் வந்ததல்ல. 1877-இலேயே டிரெஸ்டன் நகரின் பெசல் சகோதரர்கள் எண்ணெயும் குமிழியும் கொண்டு கிராஃபைட்டைப் பிரிக்கக் காப்புரிமை பெற்றிருந்தார்கள். ஆனால் தொழில் உலகம் திரும்பிப் பார்த்தது நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் புரோக்கன் ஹில் சுரங்கங்களால்தான். அங்கே ஈயத்தையும் வெள்ளியையும் எடுத்துக்கொண்டு, துத்தநாகத்தைக் கழிவோடு கொட்டி வைத்திருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது பல மில்லியன் டன் கழிவு குன்றுகளாக நின்றது. எடை வேறுபாட்டைக் கொண்டு துத்தநாகத் தாதுவைப் பிரிக்க முடியவில்லை. சார்லஸ் பாட்டர் என்ற மெல்போர்ன் மதுவடிப்பாளரும், பி.எச்.பி. நிறுவனத்தின் பொது மேலாளர் டெல்ப்ராட்டும் அமிலத்தைச் சேர்த்து, எழும் வாயுக்குமிழிகளால் தாதுவை மிதக்க வைத்தார்கள். 1905-இல் லண்டனின் மினரல்ஸ் செபரேஷன் நிறுவனத்தில் சல்மன், பிகார்ட், பேலட் மூவரும் கண்டது இன்னும் பெரியது. எண்ணெயைக் குடம் குடமாக ஊற்ற வேண்டாம். தாதுவின் எடையில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான எண்ணெயைச் சேர்த்துக் கடுமையாகக் கடைந்தால், காற்றும் எண்ணெயும் சேர்ந்து கனிமத்தை நுரையில் ஏற்றிவிடும். இந்தச் சிறு அளவின் மேல் உரிமை யாருக்கு என்ற வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1916-இல் நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ந்தது. ஒரு சொட்டு எண்ணெய்க்காக இத்தனை பெரிய வழக்கு நடந்த தொழில் வேறு இருக்குமா என்பது சந்தேகம்.

அடுத்த படி, சல்ஃபைடுகளையே ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பது. 1912-இல் புரோக்கன் ஹில்லில் ஃபிரடெரிக் லிஸ்டர், யூகலிப்டஸ் எண்ணெயைக் கொண்டு ஈயத் தாதுவான கலீனாவை முதலில் தனியே மிதக்க வைத்தார். பின்னால் தங்கிவிட்ட துத்தநாகத் தாதுவான ஸ்பாலரைட்டை மேலே கொண்டுவர லெஸ்லி பிராட்ஃபோர்ட் மயில்துத்தத்தைக் கையிலெடுத்தார். இந்த வினையைச் சற்றுக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஸ்பாலரைட் என்பது துத்தநாக சல்ஃபைடு. மயில்துத்தக் கரைசலில் அதை வைத்தால் பரப்பிலுள்ள துத்தநாக அயனிகள் தண்ணீருக்குள் போகும்; அந்த இடத்தில் தாமிர அயனிகள் வந்து அமரும். உள்ளே துத்தநாகம், வெளித்தோல் தாமிர சல்ஃபைடு. சேகரிப்பான் தாமிரத்தைக் கண்டால் விடாது. துகளின் எடையோடு ஒப்பிட்டால் மாறியது ஒன்றுமே இல்லை எனலாம். ஆனால் மூழ்கிக் கிடந்தது மிதக்கிறது. 1920-களில் சயனைடு எதிர்வேலைக்கு வந்தது: தாமிர அயனிகளைப் பிணைத்துக்கொண்டு துத்தநாகத் தாதுவைக் கீழேயே நிறுத்தி வைக்க. 1925-இல் கார்னீலியஸ் கெல்லரின் காப்புரிமையோடு சாந்தேட் என்ற கந்தகச் சேர்மம் எண்ணெய்களை ஓரங்கட்டியது. இன்றும் சல்ஃபைடு ஆலைகளில் அதன் ஆட்சிதான். ராஜஸ்தானின் ராம்புரா அகுச்சா ஆலையும் இந்த மரபின் பிள்ளையே. அங்கே பாறையில் கலந்துள்ள கிராஃபைட் தானாகவே மிதந்து தொல்லை தரும் என்பதால், அதை முதலில் நுரையோடு வழித்தெடுத்துவிட்டு ஈயத்துக்கும் பிறகு துத்தநாகத்துக்கும் போகிறார்கள்.

இது வரைக்கும் வெற்றிக் கதை. இந்தக் கதை ஏறத்தாழ 10 முதல் 150 மைக்ரான் வரையுள்ள துகள்களுக்குத்தான் செல்லும். 1931-இல் ஏ. எம். காடினும் உடன் ஆய்ந்தவர்களும் ஆலைகளின் கணக்கைத் துகளளவு வாரியாகப் பிரித்துப் பார்த்தபோதே இது தெரிந்தது. நடுத்தரத் துகள்கள் நன்றாக மேலே வருகின்றன. மிகப் பெரியவை கழன்று விழுகின்றன. மிக நுண்ணியவை வருவதேயில்லை, அல்லது எல்லாம் கலந்து வருகின்றன.

ஏன்? ஒரு மில்லிமீட்டர் குமிழி கூழில் மேலேறும்போது தண்ணீர் அதைச் சுற்றி விலகி ஓடுகிறது. சற்றுக் கனமான துகள், தன் உந்தத்தால் அந்த ஓட்டத்தை வெட்டிக்கொண்டு போய்க் குமிழியில் மோதும். 5 மைக்ரான் துகளுக்கு அந்தக் கனம் கிடையாது. தண்ணீர் போகிற போக்கிலேயே வளைந்து, குமிழியைத் தொடாமல் கடந்துவிடும். துகளின் விட்டம் பத்தில் ஒன்றானால் மோதும் வாய்ப்பு சுமாராக நூறில் ஒன்றாகிறது. மோதாத துகளுக்கு எவ்வளவு உயர்ந்த சேகரிப்பானைப் பூசினாலும் பயனில்லை.

இரண்டாவது தொல்லை பரப்பு. 100 மைக்ரான் துகள் ஒன்றை 10 மைக்ரான் துகள்களாக்கினால் ஆயிரம் துகள்கள் கிடைக்கும். மொத்தப் பரப்பு பத்து மடங்காகும். அந்தப் பரப்பெல்லாம் மருந்து கேட்கும். வேண்டிய கனிமத்துக்கென்று போட்ட சேகரிப்பானைக் களிமண்ணும் கழிவும் பங்குபோட்டுக்கொள்ளும். மூன்றாவது, நுண்ணிய கழிவுத் துகள் குமிழியில் ஒட்டாமலேயே, குமிழிகளுக்கு இடையிலுள்ள தண்ணீரோடு சேர்ந்து நுரைக்குள் ஏறிவிடும். செறிவின் தரம் அதனால் கெடும். நான்காவதுதான் மிக மோசமானது. ஆலைக்காரர்கள் ஸ்லைம் என்று அழைக்கும் நுண்சேறு, பெரிய நல்ல துகளின் மேல் போர்வைபோல் படிந்துவிடும். நீரில் ஒவ்வொரு கனிமப் பரப்பும் ஒரு மின்சுமை கொண்டிருக்கிறது. அது எதிர்மின்சுமையா நேர்மின்சுமையா என்பதைப் பெருமளவு தண்ணீரின் பி.எச். தீர்மானிக்கிறது. களிமண்ணும் தாதுவும் எதிரெதிர் மின்சுமையோடு இருக்கும் பி.எச்.-இல் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். கலீனாத் துகளின் மேல் ஒரு களிமண் தோல் படிந்துவிட்டால், குமிழியின் கண்ணில் அது களிமண்தான்.

நுண்துகள் விஷயத்தில் நாம் கவனிக்க வேண்டியது சேகரிப்பானை அல்ல என்பது என் கருத்து. பாடப்புத்தகமும் விற்பனை ஏடுகளும் சேகரிப்பானைத்தான் கதாநாயகனாக்குகின்றன. ஆய்வுக்கூடங்களும் புதிய சேகரிப்பான் மூலக்கூறுகளைத் தொகுப்பதில் மும்முரமாக இருக்கின்றன. ஆனால் சேறு நிறைந்த தாதுவில் வெற்றியும் தோல்வியும் அதற்கு முன்பே முடிவாகிவிடுகின்றன: எது எதோடு ஒட்டாமல் இருக்க வேண்டும், எது எதோடு சேர்ந்து திரள வேண்டும், எது வாய் திறக்காமல் கீழே கிடக்க வேண்டும் என்ற மூன்று கேள்விகளில். அவற்றுக்கு விடை சொல்பவை பெரும்பாலும் மலிவான, பழைய, கவர்ச்சியில்லாத பொருள்கள்.

இதை நன்றாகக் காட்டுவது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள டில்டன் இரும்புச் சுரங்கம். மார்கெட் மலைத்தொடரிலுள்ள அந்தத் தாதுவில் இரும்பு ஏறத்தாழ 35 சதவீதம். மீதி பெரும்பாலும் குவார்ட்ஸ். காந்தத்தில் ஒட்டும் மேக்னடைட்டாக இருந்திருந்தால் வேலை சுலபம். அங்கே இருந்ததோ மிக நுண்ணிய ஹேமடைட். 25 மைக்ரானுக்குக் கீழே அரைத்தால்தான் இரும்பும் குவார்ட்ஸும் விடுபடும். அப்படி அரைத்தால் பாதிக் கூழ் சேறாகிவிடும். அந்தச் சேற்றைக் கொட்டினால் இரும்பும் போகும். அமெரிக்கச் சுரங்கப் பணியகமும் கிளீவ்லேண்ட்-கிளிஃப்ஸ் நிறுவனமும் பல ஆண்டுகள் உழைத்து ஒரு வழி கண்டன. ஆலை 1974-இல் ஓடத் தொடங்கியது.

அவர்கள் செய்தது இது. அரைக்கும் எந்திரத்துக்குள்ளேயே காஸ்டிக் சோடாவும் சோடியம் சிலிக்கேட்டும் சேர்க்கப்படுகின்றன. பி.எச். 10.5-ஐத் தாண்டுகிறது. அந்த நிலையில் ஹேமடைட்டும் குவார்ட்ஸும் இரண்டுமே எதிர்மின்சுமை பெறுகின்றன. சிலிக்கேட் அயனிகள் அந்தச் சுமையை மேலும் கூட்டுகின்றன. ஒவ்வொரு துகளும் பக்கத்துத் துகளைத் தள்ளுகிறது. கூழ் முழுவதும் கலைந்து, எதுவும் எதோடும் ஒட்டாமல் நிற்கிறது. இதுதான் முதல் வெற்றி. நுரை இன்னும் எழவேயில்லை.

அடுத்து மக்காச்சோள மாவைக் காஸ்டிக் சோடா சேர்த்துக் காய்ச்சி ஊற்றுகிறார்கள். நம் வீடுகளில் பருத்தி வேட்டிக்குப் போடும் கஞ்சியின் அதே வேதியியல்தான். மாவின் மூலக்கூறு நெடுகிலும் ஹைட்ராக்சில் தொகுதிகள். பருத்தியை அவை பிடிப்பதுபோலவே, இரும்பு அணுக்கள் வெளியே தெரியும் ஹேமடைட் பரப்பையும் பிடிக்கின்றன. குவார்ட்ஸ் பரப்பை அவ்வளவாகப் பிடிப்பதில்லை. மக்காச்சோள மாவில் கிளைகள் விரிந்த அமைலோபெக்டின் என்ற பெரிய மூலக்கூறு முக்கால் பங்கு. ஒரே மூலக்கூறு பல ஹேமடைட் துகள்களை எட்டிப் பிடித்துக்கொள்ள, அவை திரண்டு கனமாகிக் கீழே இறங்குகின்றன. குவார்ட்ஸ் சேறு திரளாமல் தண்ணீரிலேயே நின்று தொட்டியின் விளிம்பில் வழிந்து போகிறது. தேர்ந்த திரட்டல் என்று இதற்குப் பெயர்.

அதன் பிறகுதான் நுரை மிதப்பு. அதிலும் ஒரு தலைகீழ்: மிதக்க வைப்பது இரும்பை அல்ல, மிச்சமிருக்கும் குவார்ட்ஸை. ஈதர் அமீன் என்ற நேர்மின்சுமைச் சேகரிப்பான் எதிர்மின்சுமையுள்ள குவார்ட்ஸ் பரப்பில் ஒட்டி அதை நுரையில் ஏற்றுகிறது. ஹேமடைட்டும் எதிர்மின்சுமையோடுதான் இருக்கிறது. அமீன் அதையும் விட்டுவைக்காது. இங்கே அதே கஞ்சி இரண்டாம் வேலையைச் செய்கிறது. ஹேமடைட்டின் மேல் நீரை விரும்பும் உறையாக நின்று அதை அடக்கி வைக்கிறது. முடிவில் கிடைக்கும் செறிவில் இரும்பு 65 சதவீதம் அளவுக்கு வருகிறது. திரட்டியும் அடக்கியும் ஒன்றே, அதுவும் ஒரு தானிய மாவு. இந்த வேலையை இவ்வளவு குறைந்த விலையில் செய்யும் செயற்கைப் பொருளைத் தேடுபவர்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் சூத்திரம் நுட்பமானது. கடின நீரில் கால்சியம் அயனிகள் மிகுந்தால் துகள்களின் தள்ளுவிசை குறைந்து கலைந்த கூழ் மறுபடி கூடிவிடும். குவார்ட்ஸும் இரும்போடு சேர்ந்து இறங்கும். சிலிக்கேட் அளவு மீறினால் எல்லாமே மிதந்து நிற்கும், எதுவும் இறங்காது. மாவு மிகுந்தால் திரளுக்குள் குவார்ட்ஸ் சிக்கிக்கொள்ளும். ஆகவே சேகரிப்பானைப் பற்றிப் பேசுவதற்கு முன் தண்ணீரைப் பற்றிப் பேச வேண்டும்.

கஞ்சிக்கு ஓர் இந்திய உறவும் உண்டு. தாமிர, நிக்கல் தாதுக்களில் டால்க் தானாகவே மிதந்து செறிவைக் கெடுக்கும். அதை அடக்கி வைக்கக் கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் குவார் கோந்தைப் பயன்படுத்துகிறார்கள். உலகக் குவார் விளைச்சலில் பெரும்பகுதி இந்தியாவுடையது, அதிலும் ராஜஸ்தான் முதலிடம். தமிழ்நாட்டில் நுரை மிதப்பு நடக்கும் ஓர் இடம் சிவகங்கை. தமிழ்நாடு அரசின் கனிம நிறுவனமான டாமினின் கிராஃபைட் ஆலை அங்கே இருக்கிறது. கிராஃபைட் இயல்பில் மிதக்கும் கனிமம் என்பதால் அதற்குப் பெரிய சேகரிப்பான் வித்தைகள் தேவையில்லை. செதிலை நொறுக்காமல் மண்ணை விடுவிப்பதே அந்தத் தொழிலின் சவால்.

நுண்துகளைப் பிடிக்க வேறு தந்திரங்களும் உண்டு. அவற்றில் எனக்குப் பிடித்தது ஜார்ஜியா மாநிலத்தின் வெள்ளைக் களிமண் ஆலைகளில் 1960-களின் தொடக்கத்தில் வந்தது. காகிதத்துக்குப் பளபளப்புப் பூசும் அந்தக் களிமண்ணில் அனடேஸ் என்ற டைட்டானியக் கனிமம் கலந்து மஞ்சள் சாயல் தருகிறது. அதன் துகள் 2 மைக்ரானுக்கும் கீழே. எந்தக் குமிழியும் அதைப் பிடிக்காது. அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சற்றுப் பெரிய கால்சைட் பொடியை வெளியிலிருந்து கொண்டுவந்து கூழில் சேர்த்தார்கள். கொழுப்பமிலச் சேகரிப்பான் கால்சைட், அனடேஸ் இரண்டின் மேலும் படிய, நீண்ட நேரம் கடுமையாகக் கலக்கியதில் அனடேஸ் கால்சைட்டின் மேல் ஒட்டிக்கொண்டது. கால்சைட் மிதந்தபோது அனடேஸும் தொற்றிக்கொண்டு வந்தது. அழுக்கைச் சுமந்து செல்ல ஆள் கூட்டி வந்த கதை. பிறகு ஹைட்ராக்சமேட் சேகரிப்பான்களும் வலுவான காந்தப் பிரிப்பான்களும் வந்து இந்த வழி பின்னுக்குப் போயிற்று. 1975-இல் வாரன் என்ற ஆய்வாளர் காட்டியதும் இதே வகை. டங்ஸ்டன் தாதுவான ஷீலைட்டின் நுண்துகள்களுக்குச் சோடியம் ஒலியேட் பூசிப் பலமாகக் கடைந்தால், நீரை விலக்கும் பரப்புகள் ஒன்றையொன்று தேடி ஒட்டிப் பெரிதாகின்றன.

எந்திரப் பக்கத்திலும் முயற்சி நின்றுவிடவில்லை. துகளைப் பெரிதாக்குவதற்குப் பதிலாகக் குமிழியைச் சிறிதாக்கலாம். உயரமான மிதப்புக் கம்பங்களில் மேலிருந்து நுரையின் மேல் தண்ணீர் தெளித்து, கூட ஏறிவந்த சேற்றைக் கழுவி இறக்கலாம். கிரேம் ஜேம்சன் 1980-களில் வடிவமைத்த மிதப்புக் கலம் நுண்குமிழிகளைத் துகள்களோடு வலுவில் மோத விடுகிறது. நம் நாட்டில் தேசிய உலோகவியல் ஆய்வகத்தின் சென்னை மையம், தரமணியில், மிதப்புக் கம்பங்களை உருவாக்குவதில் கவனம் செலுத்தியிருக்கிறது. ஆனால் கூழ் கலைந்து நிற்காவிட்டால் எந்தக் கலமும் கைகொடுக்காது.

இந்த வேதிப்பொருள்களுக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. சாந்தேட் அமிலக் கூழில் சிதைந்து கார்பன் டைசல்ஃபைடு என்ற நச்சுத்தன்மையும் தீப்பற்றும் இயல்பும் கொண்ட ஆவியை விடும். சயனைடு பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் ஆலைகளில் நேற்றைய மருந்தின் எச்சம் இன்றைய கூழில் வந்து கணக்கைக் குழப்பும். ஆயினும் இவற்றைவிடப் பெரிய ஆபத்து, பிரிக்காமல் விட்ட சேறுதான் என்பேன். பிரேசிலின் இரும்பு ஆலைகளில், அமீன் மிதப்புக்கு முன்பே சுமார் 10 மைக்ரானுக்குக் கீழுள்ள சேற்றைச் சுழற்பிரிப்பான்களால் ஒதுக்கிக் கழிவு அணைக்கு அனுப்புவது வழக்கம். மிதப்புக்கு அது வசதி. அணைக்கு அது சுமை. 2015 நவம்பர் 5-ஆம் தேதி சமர்கோ நிறுவனத்தின் ஃபுந்தாவ் அணை உடைந்து 19 பேர் இறந்தார்கள். சேறு டோசி நதி வழியே கடல் வரை போனது. விசாரித்த வல்லுநர் குழு, மணல் மட்டுமே இருந்திருக்க வேண்டிய இடத்தில் நுண்சேறு படிந்திருந்ததை உடைப்புக்கு இட்டுச் சென்ற காரணங்களின் சங்கிலியில் முக்கியமானதாகச் சுட்டியது. நீர் வடியாத சேறு அடியில் கிடந்தால், மேலே கட்டிய மணல் உறுதியாக நிற்காது.

இந்திய இரும்புத் தொழிலும் இந்தக் கேள்வியின் முன் நிற்கிறது. ஜார்க்கண்ட், ஒடிசா, கர்நாடகச் சுரங்கங்களில் தாதுவைக் கழுவும்போது பிரியும் நுண்சேறு குளங்களில் தேங்கி நிற்கிறது. அதில் இரும்பு 50 சதவீதத்தைத் தாண்டுவதும் சாதாரணம். டில்டனில் வெட்டியெடுக்கும் தாதுவைவிட வளமானது. ஆனால் நம் சேற்றின் எதிரி குவார்ட்ஸ் மட்டுமல்ல. அலுமினா தரும் களிமண்ணும் கிப்சைட்டும். அலுமினா கூடினால் ஊதுலையின் கசடு இளகி ஓடாது. கஞ்சி இங்கே முழு விசுவாசமாக இருப்பதில்லை: ஹேமடைட்டைப் பிடிக்கும் அதே ஹைட்ராக்சில் தொகுதிகள் அலுமினியம் வெளிப்படும் பரப்பையும் ஓரளவு பிடித்துக்கொள்ளும். ஆகவே மிச்சிகனின் சூத்திரத்தை அப்படியே நகலெடுக்க முடியாது. எந்த மாவு, எந்தக் கோந்து, எந்தக் கலைப்பி, எந்தத் தண்ணீர் என்பதை ஒவ்வொரு குளத்துக்கும் தனியே சோதித்துத்தான் கண்டறிய வேண்டும்.

அதற்கு முதலில் குளத்தில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். சேற்றுக்குளத்தின் கரையை உயர்த்த அனுமதி கேட்கும் ஒவ்வொரு சுரங்கமும், அந்தச் சேற்றின் துகளளவையும் கனிம விவரத்தையும் எஞ்சியுள்ள மருந்துகளின் அளவையும் பொதுவில் வைக்க வேண்டும் என்று அரசு விதி செய்யட்டும். ஆய்வாளர்களுக்கு வேலை கிடைக்கும். கரைக்குக் கீழே குடியிருப்பவர்களுக்குத் தங்கள் தலைக்குமேல் என்ன நிற்கிறது என்பது தெரியும்.